பக்கத்து நாட்டோடு முறைத்துக்கொண்டிருக்கும் நாட்டில் படிக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பழைய வண்ணாரப்பேட்டை ஜி.ஏ. ரோட்டில் தொடங்கி வியாசர்பாடி வரைக்கும் சுவர் சுவராக வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். போஸ்டர்தான். ரஷ்யா, ஜார்ஜியா, ஆர்மீனியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான். கட்டணம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், ஹாஸ்டலில் இந்தியச் சாப்பாடு உண்டு என்று போட்டிருப்பார்கள். அந்த நாட்டுக்கும் அதன் பக்கத்து வீட்டுக்காரருக்கும் என்ன தகராறு என்பது மட்டும் எதிலும் இருக்காது. விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார், அதனால் வாங்குகிற நாம்தான் கேட்க வேண்டும்.

போகவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இங்கே சீட் கிடைக்காத பிள்ளைக்கு அதுதான் வழி என்றால் போகட்டும். ஆனால் உள்ளே போகும் வழியை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார், வெளியே வரும் வழியை நீங்கள்தான் பார்த்து வைக்க வேண்டும், அதுவும் முதல் தவணை கட்டுவதற்கு முன்னால். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

1. வரைபடத்தை எடுங்கள்

கல்லூரியின் தரவரிசையை அப்புறம் பார்க்கலாம். முதலில் கல்லூரி இருக்கும் ஊரை மேப்பில் வைத்து, அங்கிருந்து எத்தனை வழியாக அந்த நாட்டை விட்டு வெளியே வர முடியும் என்று எண்ணுங்கள். விமான நிலையம் ஒன்று. தரைவழி எல்லைகள் எத்தனை, அதில் எவை திறந்திருக்கின்றன, அந்தப் பக்கம் நுழைய இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்மீனியாவைப் பாருங்கள். சுற்றி நான்கு நாடுகள். மேற்கே துருக்கி, 1993இல் மூடிய எல்லையைப் பொதுமக்களுக்கு முப்பது வருடங்கள் கழித்தும் திறக்கவில்லை. கிழக்கே அஜர்பைஜான், அந்தப் பக்கமும் பல பத்தாண்டுகளாக அடைப்புதான். மிச்சம் இருப்பது வடக்கே ஜார்ஜியாவும் தெற்கே ஈரானும். 2025 ஜூனில் ஈரானில் குண்டு விழுந்தபோது அங்கே படித்துக்கொண்டிருந்த நம் மாணவர்களில் முதல் குழுவைத் தரைவழியாக ஆர்மீனியாவுக்குள் கொண்டுவந்து, தலைநகர் யெரெவானில் இருந்துதான் தில்லிக்கு விமானம் ஏற்றினார்கள். ஆக, தெற்கு வாசலை யெரெவானில் படிக்கிற பிள்ளை நம்பியிருக்க முடியாது, கணக்கில் நிற்பது ஜார்ஜியாவும் விமானமும்தான்.

நாட்டின் பெயரை மட்டும் பார்த்தும் பயப்படக் கூடாது. கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் 2021இலும் 2022இலும் எல்லையில் பெரிய மோதல் நடந்தது. அது தென்மேற்கில் பாட்கென் பக்கம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் படிக்கும் பிஷ்கெக் வடக்கே, கஜகஸ்தான் எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து அல்மாட்டிக்குச் சாலை வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர். கஜகஸ்தானுக்குள் 14 நாள் வரை இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. இந்த மாதிரி ஒரு பின்வாசல் இருக்கும் ஊரும், ஒரே ஒரு விமான நிலையத்தை நம்பி இருக்கும் ஊரும் ஒன்றல்ல, கட்டணம் ஒன்றாகவே இருந்தாலும். (2025 மார்ச்சில் கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் எல்லை ஒப்பந்தம் போட்டுவிட்டன என்பது வேறு விஷயம்.)

இன்னொன்று, வழியில் இருக்கும் தகராறு. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் தில்லியில் இருந்து அல்மாட்டிக்கும் தாஷ்கண்டுக்கும் போய்க்கொண்டிருந்த இண்டிகோ விமானங்கள் சில நாட்களில் நின்றன. சண்டை நமக்கும் பாகிஸ்தானுக்கும், அடி வாங்கியது கஜகஸ்தானில் படிக்கும் பையனின் டிக்கெட். அதனால் தில்லி வழி ஒன்று, வளைகுடா வழி ஒன்று என இரண்டு வழிக்கும் விலை கேட்டு வையுங்கள். சென்னையில் இருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் நடுவில் ஒன்று ரத்தானால் அடுத்த டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

2. எந்தச் செய்திக்குப் பயப்பட வேண்டும்

டிவி விவாதத்தை விடுங்கள். ராஜதந்திரச் சண்டைக்கு ஒரு படிக்கட்டு உண்டு. தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தார்கள் என்றால் அது அன்றாடம் நடப்பது, தூங்கலாம். தூதரை ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள் என்றால் தினமும் செய்தி பாருங்கள். தூதரக ஊழியர்களை வெளியேற்றினார்கள் என்றால் காகித வேலைகளை உடனே முடியுங்கள், ஏனென்றால் விசாவுக்குக் கையெழுத்துப் போடும் ஆளே குறைந்துவிடுவார். கனடா நமக்குப் பக்கத்து நாடு இல்லைதான், ஆனாலும் 2023 அக்டோபரில் அந்த நாடு 41 தூதரக அதிகாரிகளை இந்தியாவில் இருந்து திருப்பி அழைத்துக்கொள்ள நேர்ந்தபோது பெங்களூரு, மும்பை, சண்டிகர் அலுவலகங்களில் நேரில் போய்ச் செய்யும் வேலைகள் நின்றே போயின.

அதற்கும் மேல் விசா நிறுத்தம், விமான நிறுத்தம், எல்லை மூடல். அப்போது பெட்டியைக் கட்ட வேண்டும்.

சில சமயம் எல்லாப் படியும் ஒரே காலையில் வந்துவிடும். 2017 ஜூன் 5 அன்று சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவைத் துண்டித்தன. கத்தாருக்கு இருக்கும் ஒரே தரை எல்லையான சவூதி எல்லை மூடப்பட்டது, வளைகுடாவில் இருந்த கத்தார்க்காரர்களுக்கு வெளியேற 14 நாள் கொடுத்தார்கள். அமீரகத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கத்தார் மாணவர்கள் பாதிப் படிப்பில் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தத் தகராறு முடிந்தது 2021 ஜனவரியில். ஒரு டிகிரியே முடித்துவிடலாம், அவ்வளவு காலம்.

3. காகிதம்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி. மேலே சொன்ன கத்தார் மாணவர்கள் விவகாரம் சர்வதேச நீதிமன்றம் வரை போனது. 2018 ஜூலையில் அந்த நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவில், பாதிக்கப்பட்ட மாணவர்கள் அமீரகத்திலேயே படிப்பை முடிக்கவோ, வேறெங்காவது போய்ப் படிப்பதென்றால் தங்கள் கல்விப் பதிவேடுகளைப் பெறவோ வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். மார்க்ஷீட் வாங்க அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரம் வரை போக வேண்டியிருந்தது என்றால் அது எப்பேர்ப்பட்ட காகிதம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போகும் முன்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மார்க்ஷீட், டி.சி., பிறப்புச் சான்றிதழ், நீட் மதிப்பெண் அட்டை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஓர் இடம் சென்னையில் இருக்கும் யாராவது ஒருவரின் போன். டிஜிலாக்கரில் தமிழ்நாடு போர்டு மார்க்ஷீட்டை இழுத்து வைத்துவிடுங்கள். போகும் நாடு அப்போஸ்டில் (நம் வெளியுறவு அமைச்சகம் சான்றிதழில் ஒட்டித் தரும் சர்வதேசச் சான்றொப்பம்) ஏற்கும் நாடா, இல்லை அந்த நாட்டுத் தூதரகத்திலேயே சான்றொப்பம் வாங்க வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். அப்போஸ்டில் வேலையை வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த ஏஜென்சியிடம் மட்டும் கொடுங்கள், பாரிமுனையில் யாரோ ஒருவர் ‘நாளைக்கே முடித்துத் தருகிறேன்’ என்றால் நம்பாதீர்கள்.

அசலை லேமினேஷன் செய்யாதீர்கள். காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, உப்புக்காற்றில் காகிதம் நமுத்துப்போகும் என்று மகனின் பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டைப் பளபளவென்று லேமினேஷன் போட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்திருந்தார். அப்போஸ்டில் ஸ்டிக்கரை ஒட்டுவது சான்றிதழின் பின்பக்கத்தில், பிளாஸ்டிக் மேல் ஒட்ட மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உரித்துப் பார்க்கலாம் என்று ஓரத்தைப் பிளேடால் கீறியதில் முத்திரையின் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. கடைசியில் இரண்டாம்படிக்கு விண்ணப்பித்து, அது வரும் வரை காத்திருந்து, அந்த வருட சீட்டே கைநழுவப் பார்த்தது.

போன பிறகு: பழைய சோவியத் நாடுகளில் பல பல்கலைக்கழகங்கள் பள்ளிச் சான்றிதழின் அசலை வாங்கி வைத்துக்கொள்ளும். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுங்கள், ஆனால் என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதி முத்திரை வைத்த ரசீது வாங்காமல் வராதீர்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் பதிவு) வாங்குங்கள், கூடவே எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற பாடத்திட்டமும். ‘மொத்தமாகக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்’ என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். கடைசி என்று ஒன்று வராமலே போகலாம் என்பதால்தான் இப்போது வாங்கச் சொல்கிறோம்.

பாஸ்போர்ட் கையில் இல்லாத நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. ரஷ்யாவில் பல மாணவர்களுக்கு முதலில் கொடுத்து வந்தது மூன்று மாத, ஒரு முறை நுழைவு விசா. அங்கே போன பிறகு பலமுறை நுழைவு விசாவாக நீட்டிக்க பல்கலைக்கழக அலுவலகம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளும், அது திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். மற்ற நாடுகளிலும் தங்கும் அனுமதிக்கு இதே கதைதான். அந்த நாட்களில் ரசீதும் பாஸ்போர்ட், விசா பக்க நகலும் எப்போதும் பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் கிடைக்கவே வழியில்லை என்றால் இந்தியத் தூதரகம் எமர்ஜென்சி சர்டிபிகேட் கொடுக்கும். அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான், நகல் இருந்தால் சீக்கிரம் கிடைக்கும்.

4. பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று இப்போதே கேளுங்கள்

மருத்துவம் என்றால் 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளை ஒரு தடவையாவது படியுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, அதன் பிறகு அங்கேயே 12 மாத இன்டர்ன்ஷிப், எல்லாம் ஒரே கல்லூரியில். ‘பிரச்னை வந்தால் வேறு நாட்டுக்கு மாற்றித் தருகிறோம்’ என்று ஏஜென்ட் சொல்வது இந்த ‘ஒரே கல்லூரி’ என்ற வரியில் அடிபட்டுப் போகும். உக்ரைன் மாணவர்களுக்கு 2022 செப்டம்பரில் ஒரு விலக்குக் கொடுத்தார்கள், வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகப் படிக்கலாம், டிகிரியை உக்ரைன் கல்லூரியே தரும் என்று. அது அந்தப் போருக்காகக் கொடுத்தது. உங்கள் நாட்டுக்கும் கொடுப்பார்கள் என்று அதை நம்பிப் பணம் கட்ட முடியாது.

இந்தியக் கல்லூரியிலேயே இடம் கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். தமிழ்நாடு அரசு உட்படப் பலரும் கேட்டுப் பார்த்தார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று ஒன்றிய அரசு 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

ஆன்லைன் வகுப்பு எவ்வளவு ஏற்கப்படும் என்பதும் முக்கியம். 2020இல் ஊருக்கு வந்த, சீனாவில் படித்த நம் மாணவர்கள் 2022 ஆகஸ்ட்டில் விசா மறுபடி கிடைக்கும் வரை வீட்டில் லேப்டாப் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளியைத் தொடாமல் படித்த அந்த மாதங்களுக்கு ஈடுகட்டச் சொல்லி அப்புறம் கூடுதல் பயிற்சி காலம் கேட்டார்கள்.

மருத்துவம் இல்லாத படிப்பு என்றால் அலைச்சல் குறைவு. முடித்த பாடங்களுக்கான கிரெடிட்டை வேறு நாட்டுக் கல்லூரி ஏற்குமா என்று ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள், போதும். சண்டை நமக்கும் அந்த நாட்டுக்கும்தான் என்றால் கதையே வேறு: பாகிஸ்தானில் போய்ப் படிக்க வேண்டாம், அந்தப் பட்டத்தை வைத்து இங்கே வேலையோ மேற்படிப்போ பெற முடியாது என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டன.

5. பணம்

வடசென்னையில் வெளிநாட்டுப் படிப்புக் கடன் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் வீட்டுப் பத்திரம். பொதுவாக 4 லட்சம் வரை ஜாமீன் கேட்க மாட்டார்கள், 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன், அதற்கு மேல் சொத்து. நம்மில் பாதிப் பேர் இருப்பது குடிசை மாற்று வாரிய (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) குடியிருப்பு. ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருந்து விற்பனைப் பத்திரம் வாங்காமல் இருந்தால் வங்கியில் அது சொத்தே இல்லை. மாதத் தவணை முடித்தவர்கள் வாரிய அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரத்தை முதலில் வாங்குங்கள். அதற்குப் பொறுமை இல்லாமல் நகையை வைத்து மொத்தத்தையும் திரட்டுகிற வீடுகள்தான், படிப்பு நடுவில் நின்றால் வட்டியில் மூழ்குகின்றன.

கடனோ கைப்பணமோ, கட்டணம் செமஸ்டர் செமஸ்டராகப் போகட்டும், அதுவும் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே. மூன்று வருடத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் அந்தத் தள்ளுபடி நமக்கு வேண்டாம். எல்லை மூடிய பிறகு பல்கலைக்கழகத்திடம் இருந்து பணம் திரும்ப வாங்குவதே கஷ்டம், ஏஜென்ட் கணக்கில் போட்டது கிணற்றில் போட்ட கல்.

அங்கே பணம் எடுக்கும் வழியும் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு என்ற கார்டு நிறுவனங்கள் இரண்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியதும் வெளிநாட்டில் வாங்கிய கார்டுகள் அங்கே வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டன, அதோடு பல ரஷ்ய வங்கிகளை, நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பில் இருந்தும் நீக்கினார்கள். வீட்டில் பணம் இருந்தும் பிள்ளைக்கு அனுப்ப முடியவில்லை. உள்ளூர் வங்கியில் ஒரு கணக்கு, வெளிநாட்டுக் கார்டு ஒன்று, கையில் கொஞ்சம் டாலர் என மூன்றும் இருக்கட்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. மண்ணடியில் மாற்றும்போது உரிமம் உள்ள கடையில் மாற்றி பில் வாங்குங்கள்.

உள்ளூர்ப் பணத்தை மட்டும் சேர்த்து வைப்பது எவ்வளவு ஆபத்து என்று வியாசர்பாடியில் பர்மாவில் இருந்து வந்த குடும்பத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். 1964 மே மாதம் அங்கே 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தார்கள். வாழ்நாள் சேமிப்பு நோட்டாகக் கையில் இருந்தும் கப்பல் ஏறியபோது ஒன்றுமில்லை. அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் நின்று கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள்.

6. இன்சூரன்ஸ்

பாலிசியில் முதலில் விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலான மாணவர் பாலிசிகளில் போர், உள்நாட்டுக் கலவரம் விலக்கில்தான் இருக்கும். ‘படிப்புத் தடை’ என்று ஒரு பலன் போட்டிருப்பார்கள், அது உடல்நலக் கோளாறுக்கோ கட்டணம் கட்டுகிறவர் இறந்தாலோதான், எல்லை மூடினால் இல்லை. மருத்துவச் செலவுக்காக எடுங்கள், மற்றதை எதிர்பார்க்காதீர்கள்.

7. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கட்டும்

வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற உதவி இணையதளத்தில் மாணவர் பதிவு இருக்கிறது, போன முதல் வாரத்திலேயே பதியுங்கள், உள்ளூர் முகவரி மாறும்போதெல்லாம் மாற்றுங்கள். அந்த நாட்டு இந்தியத் தூதரகத்திலும் தனியாகப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. உக்ரைன் சமயத்தில் தில்லி வந்து இறங்கிய நம் பிள்ளைகளைச் சென்னை வரை அரசுச் செலவில் கூட்டி வந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் பிள்ளையைத் தேடுவது சுலபம்.

தூதரகமே இடம் மாறலாம் என்பதையும் தெரிந்து வையுங்கள். 2022 மார்ச்சில் கீவ் தூதரகம் போலந்துக்குப் போய் மே மாதம்தான் திரும்பியது. அதனால் பக்கத்து நாடுகளில் உள்ள இந்தியத் தூதரக எண்களையும் தாளில் எழுதி வைக்க வேண்டும். போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் போனதும் அதுவும் போய்விடும்.

8. அங்கே இருக்கும்போது

வாயையும் போனையும் அடக்கி வைக்க வேண்டும். இரண்டு நாட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள், ஊர்வலத்தை வீடியோ எடுக்காதீர்கள், வகுப்பில் பக்கத்து நாட்டுப் பையன் இருந்தால் அவனிடம் இதைப் பற்றி வம்பு வேண்டாம். 2024 மே மாதம் பிஷ்கெக்கில் உள்ளூர்க்காரர்களுக்கும் எகிப்து நாட்டவர்களுக்கும் நடந்த ஒரு கைகலப்பின் வீடியோ பரவி, சில நாளில் கும்பல் வெளிநாட்டு மாணவர் விடுதிகளுக்குள் புகுந்து அடித்தது. எகிப்தியன் யார், பாகிஸ்தானி யார், இந்தியன் யார் என்று அந்தக் கும்பல் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

இணையம் நின்றால் என்ன செய்வது என்று வீட்டோடு முன்பே பேசி வையுங்கள். 2024 ஜூலையில் வங்கதேசத்தில் ஊரடங்கு போட்டு இணையத்தையும் துண்டித்தபோது வாட்ஸ்அப்பையே நம்பியிருந்த பெற்றோருக்குப் பிள்ளை இருக்கும் இடமே தெரியவில்லை. அப்போதும் அகர்தலாவை ஒட்டிய அகௌரா, மேகாலயாவின் டாவ்கி போன்ற எல்லை வழியாக ஆயிரக்கணக்கான மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். உள்ளூர் சிம்மில் எப்போதும் ஐ.எஸ்.டி. பேசும் அளவு பாலன்ஸ் வேண்டும். அம்மாவின் எண்ணும் அக்கம்பக்கத்தில் ஒருவர் எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும். நம்மில் யாருக்கு இப்போது ஓர் எண்ணாவது மனப்பாடமாகத் தெரிகிறது, சொல்லுங்கள்.

9. எப்போது கிளம்புவது

இதைக் குழப்பமான நேரத்தில் முடிவு செய்யவே முடியாது. அப்பா ‘வாடா’ என்பார், ஏஜென்ட் ‘ஒன்றும் ஆகாது’ என்பார், கல்லூரி ‘வருகைப்பதிவு போய்விடும்’ என்று பயமுறுத்தும்.

உக்ரைனில் நடந்ததை நாள் வாரியாகப் பாருங்கள். 2022 பிப்ரவரி 15 அன்று, அவசியமில்லாதவர்கள் தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசியுங்கள் என்றது தூதரகம். 20ஆம் தேதி அதையே அழுத்திச் சொன்னது. 22ஆம் தேதி, ஆன்லைன் வகுப்பு உண்டா என்று கல்லூரி அறிவிக்கும் வரை காத்திருக்காமல் கிளம்புங்கள் என்றது. ஏனென்றால் மாணவர்கள் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். 24ஆம் தேதி காலையில் போர், வான்வெளி மூடியாகிவிட்டது. மார்ச் 2 அன்று, கார்கிவில் இருக்கும் இந்தியர்கள் வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது மாலை ஆறு மணிக்குள் பக்கத்து ஊர்களுக்குப் போய்விடுங்கள் என்று அறிவிப்பு. ‘யோசியுங்கள்’ என்பதில் இருந்து ‘நடந்தாவது போங்கள்’ என்பதற்கு வந்து சேர மொத்தம் இரண்டு வாரம்தான் ஆனது.

அதனால் புறப்படும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து தாளில் எழுதுங்கள்: தூதரகம் முதல் முறை ‘தற்காலிகமாக வெளியேறலாம்’ என்று சொன்னால் டிக்கெட் போடுவோம், இரண்டு விமான நிறுவனங்கள் அந்த ஊருக்குப் பறப்பதை நிறுத்தினால் கேள்வி கேட்காமல் கிளம்புவோம். உங்கள் நிபந்தனை வேறாக இருக்கலாம், எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கிளம்ப ஆகும் பணத்தைத் தனியாக வையுங்கள், அதைத் தீபாவளிக்கோ லேப்டாப்புக்கோ தொடாதீர்கள். நெருக்கடி நேரத்தில் டிக்கெட் விலை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறும் என்று கணக்குப் போட்டே வையுங்கள்.

ஒன்றும் நடக்காமல் போய், திரும்பிவந்து உட்கார்ந்ததற்குச் சொந்தக்காரர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

10. திரும்பி வந்த பிறகு

முதல் வாரத்திலேயே கல்லூரிக்கு மின்னஞ்சல் போடுங்கள்: இன்ன தேதியில் தூதரக அறிவுறுத்தலின்படி நாடு திரும்பினேன், படிப்பைத் தொடர்கிறேன், விடுப்பை அனுமதிக்கவும். அந்த அறிவுறுத்தலின் நகலை இணையுங்கள். இது இல்லாவிட்டால் வராத மாணவன் என்று பெயரை நீக்கிவிடும் கல்லூரிகள் உண்டு. விசா எப்போது முடிகிறது, வெளியே இருந்தே நீட்டிக்க முடியுமா என்றும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டுக்குப் பதில் எமர்ஜென்சி சர்டிபிகேட்டில் வந்தவர்கள் புது பாஸ்போர்ட்டுக்கு உடனே அமைந்தகரை சேவா கேந்திராவில் நேரம் பதிவு செய்யுங்கள், தொலைந்ததற்கான போலீஸ் புகார் நகல் கேட்பார்கள்.

அப்புறம் வங்கி. கடன் வாங்கியிருந்தால் மேலாளரை நேரில் பார்த்து, படிப்பு நின்றதா இல்லை தள்ளிப்போகிறதா என்று எழுத்தில் கொடுங்கள். தவணை தொடங்குவது படிப்புக் காலத்தை வைத்துத்தான். தள்ளிப்போகிறது என்று கல்லூரிக் கடிதத்தோடு சொன்னால் அந்தத் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். அடுத்த செமஸ்டர் பணம் ஏற்கெனவே போகத் தயாராக இருந்தால், அதே நாளில் அதை நிறுத்தச் சொல்லி விண்ணப்பத்தில் வங்கியின் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.